தெற்கு ஜன்னலின் நாலரை மாதம்

சென்னையில் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மொட்டை மாடிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தருகிற பொருள்களுக்குப் பெயரே மாடித்தோட்டத் தளை. புத்தகங்கள், பயிற்சி வகுப்புகள், விதைத் திருவிழாக்கள் எல்லாவற்றிலும் மாடி இருக்கிறது. அடுக்ககத்தின் இரண்டாவது தளத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்த மாடி கிடையாது. அங்கே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, டிஷ் ஆன்டெனாக்கள் இருக்கின்றன, கதவில் பூட்டுத் தொங்குகிறது. அவருக்கு மிச்சமிருப்பது ஜன்னல். அந்த ஜன்னலில் ஒரு செர்ரித் தக்காளிச் செடியை விதையிலிருந்து பழம் வரை கொண்டுபோக முடியுமா?

முடியும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். முடியாது என்று கைவிட்டவர்களும் நிறைய. இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். எந்தத் திசை ஜன்னல், எந்த மாதம், எந்தச் செடி என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்காததால்தான் இருவரும் முரண்படுவதுபோலத் தெரிகிறது. மண்ணும் உரமும் இதில் இரண்டாம்பட்சம். வெயில் எந்தக் கோணத்தில் விழுகிறது, இரவு எவ்வளவு குளிர்கிறது என்ற இரண்டு கணக்கும் ஒன்றுசேரும் காலம் சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ நாலரை மாதம். அது தெற்கு ஜன்னலில்தான் அமைகிறது. நான் இரண்டு ஆண்டுகள் சித்திரையில் விதைத்து, பூ பூவாக உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டேன்.

முதலில் செடி. தக்காளியின் காட்டு மூதாதை பெரு, எக்வடோர் நாடுகளின் கடலோரப் பகுதிகளில் இன்றும் களையாக வளர்கிறது. பழம் மணத்தக்காளியைவிடச் சற்றே பெரியது. அதிலிருந்து பெருந்தக்காளிக்கு வந்த வழியில் நடுவில் நிற்பது செர்ரி வகை. சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் காஸ்பர் பௌஹின் 1623-இல் வெளியிட்ட தாவரப் பட்டியலிலேயே, செர்ரி வடிவில் கொத்தாகக் காய்க்கும் ஒரு செடி இடம்பெற்றுவிட்டது. ஆகவே செர்ரித் தக்காளியை 1970-களில் இஸ்ரேல் கண்டுபிடித்தது என்று அடிக்கடி சொல்லப்படுவது சரியல்ல. நெடுநாள் கெடாத, ஒரே சீராகக் காய்க்கிற வணிக ரகங்களை உருவாக்கியதில் அந்நாட்டுக்குப் பெரிய பங்குண்டு, அவ்வளவே. நம் மொழியில் தக்காளி என்ற சொல் அமெரிக்கச் செடிக்கு முந்தையது. மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் நம் வேலியோரத்தில் இருந்தவை. புதிதாக வந்ததைச் சீமைத் தக்காளி என்றார்கள். பிறகு அடைமொழி உதிர்ந்தது, வந்தது வீட்டுக்காரராகிவிட்டது.

சிறு பழம் என்பது ஜன்னலுக்கு ஏன் முக்கியம்? பழத்தின் இனிப்பில் பெரும்பங்கு இலையில் உருவாகிப் பழத்துக்கு இறங்குவது. வெளிச்சம் குறைவான இடத்தில் இலை சமைக்கும் சர்க்கரையும் குறைவு. கால் கிலோ எடையுள்ள ஒரு பழத்தை நிரப்ப முடியாத செடி, பத்துப் பன்னிரண்டு கிராம் பழங்கள் சிலவற்றை ஒழுங்காக நிரப்பும். சிறு பழங்களுக்கு அடிக்கறுப்பு நோயும் குறைவாகவே வரும். இவ்வளவுதான் செர்ரியின் அனுகூலம். அதன் கொடி குட்டையாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கடையில் செர்ரித் தக்காளி என்ற பெயரில் கிடைக்கும் விதைகளில் பெரும்பாலானவை ஆறடி, எட்டடி ஏறுகிற கொடிகள். தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா செர்ரித் தக்காளி 1 நல்ல ரகம், ஆனால் பசுமைக்குடிலில் கயிறு கட்டி ஏற்றுவதற்காக உருவாக்கப்பட்டது. அதற்குப் பதினைந்து இருபது லிட்டர் தொட்டியாவது வேண்டும். ஜன்னல் விளிம்பு அதைத் தாங்காது.

ஜன்னலுக்கென்றே பிறந்த செடிகள் வேறு. 1914-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு வயலில் தானாகவே தலை முடிந்து நின்றுவிட்ட ஒரு தக்காளிச் செடியைக் கண்டார்கள். கொடியாக ஓடாமல் புதராக நிற்கும் ஏறக்குறைய எல்லாத் தக்காளிகளும் அந்தப் பிறழ்விலிருந்து வந்தவை. அதோடு தண்டைக் குறுக்கும் இன்னொரு பிறழ்வையும் சேர்த்து, அதே புளோரிடாவில் ஸ்காட், ஹார்பா என்ற இருவர் 1989-இல் மைக்ரோ டாம் என்ற ரகத்தை வெளியிட்டார்கள். முழு வளர்ச்சி ஒரு சாண். வீட்டுக்குள் அழகுக்கு வைப்பதற்காகச் செய்த செடி, இன்று உலகெங்கும் தக்காளி ஆராய்ச்சிக் கூடங்களில் எலியைப்போலப் பயன்படுகிறது. சுவையில் அது சுமார்தான். ரெட் ராபின், டைனி டிம் போன்ற குட்டை ரகங்கள் ஓரடி உயரம் வந்தாலும் பழம் மேல். 2019-இன் இறுதியில் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் சக்கரி லிப்மன் குழுவினர் மூன்று மரபணுக்களைத் திருத்தி, தக்காளியைத் திராட்சைக் குலைபோல நெருங்கிக் காய்க்க வைத்துக் காட்டினார்கள். நகரத்து அறைகளை மனத்தில் வைத்தே அதைச் செய்ததாகச் சொன்னார்கள். நம் கைக்கு வரும்வரை குட்டை ரகங்களே போதும். விதை உறையில் உயரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓரடிக்கு மேல் என்றால் திருப்பி வைத்துவிடுங்கள்.

இனி வெயில். இங்கேதான் நம் வாசகர் கைக்கு வருகிற வழிகாட்டிகள் பெரும்பாலும் பிசகுகின்றன. அவை லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ எழுதப்பட்டவை. தெற்கு ஜன்னலில் வையுங்கள் என்று அவை சொல்வது அந்த ஊருக்கு ஆண்டு முழுவதும் பொருந்தும், ஏனென்றால் அங்கே நண்பகல் சூரியன் என்றைக்கும் தெற்கேதான். லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும். பகலே எட்டு மணி நேரம்தான். அதனால் அங்கே ஜன்னல் என்பது நாற்றங்கால். பிப்ரவரி மார்ச்சில் ஜன்னலில் விதைத்து, மே கடைசியில் உறைபனி அச்சம் போனதும் செடியை வெளியே எடுத்து வைக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது வெளிச்சம். இரவுக் குளிர் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. நமக்கு இது தலைகீழ்.

சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்க்கும் நாள்கள் அவை. இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே, வைகாசி ஆனி ஆடி மாதங்களில், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அப்போது தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயில் ஒரு துளியும் இல்லை. மார்கழியில் நிலைமை மாறுகிறது. சூரியன் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது, அதே அளவு தெற்கே தள்ளி மறைகிறது. பகல் முழுவதும், அதாவது பதினோரு மணி நேரத்துக்கும் மேல், அது தென்வானத்தை விட்டுப் போவதில்லை. நண்பகலில் அதன் உயரம் சுமார் 53 பாகை.

இந்தக் கோணத்தை ஜன்னல் சன்ஷேடோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் தடுப்பாக நம் கொத்தனார்கள் ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி நீட்டுகிற அந்தப் பலகைதான் ஜன்னல் தோட்டத்தின் விதியை எழுதுகிறது. சன்ஷேடுக்கும் ஜன்னல் விளிம்புக்கும் நடுவே நாலடி என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 23 நண்பகலில் சூரியன் 77 பாகையில் நிற்கும். சன்ஷேடின் நிழல் ஆறரை அடி இறங்கும், ஜன்னல் முழுவதும் நிழலில் இருக்கும். டிசம்பர் 21-இல் அதே நிழல் இரண்டடிதான் இறங்கும். விளிம்பும் அதற்கு மேலே இரண்டடியும் முழு வெயிலில் குளிக்கும். நண்பகல் வெயில் விளிம்பைத் தொடத் தொடங்கும் நாளையும் விட்டுப்போகும் நாளையும் கணக்கிட்டால், ஏறத்தாழ அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வருகிறது. அதுதான் நாலரை மாதம். செடியின் தலை விளிம்புக்கு மேலே இருப்பதால் அதற்குக் கிடைப்பது இன்னும் சில நாள் குறையும். ஆனால் வெளியே துருத்தி நிற்கும் பெட்டி கிரில் இருந்து, தொட்டியை அதன் அடித்தட்டில் வைக்க முடிந்தால் சில நாள் கூடும். உங்கள் வீட்டு அளவுகள் வேறாக இருக்கலாம். கணக்கு வேண்டாம் என்பவர்கள் தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையைப் பிடித்துப் பார்க்கலாம். விரல்களின் நிழல் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் அது நேர்வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கொரு தரம் இப்படிப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். பழம் வர நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் என்பது பொதுவான அளவு. குட்டை ரகங்கள் நாலைந்து மணி நேரத்திலும் சமாளித்துக்கொள்ளும், காய் குறையும்.

மற்ற திசைகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிழக்கு ஜன்னல் ஆண்டு முழுவதும் காலை வெயில் தருகிறது, முன்னே கட்டடம் இல்லாவிட்டால் அது இரண்டாவது நல்ல இடம். மேற்கு ஜன்னலுக்கு வெயில் உண்டு, ஆனால் பிற்பகல் முழுவதும் சூடேறிய சுவர் நள்ளிரவு வரை அனலைக் கக்கும். அந்த அனல் தக்காளிக்கு ஏன் பகை என்பது அடுத்து வருகிறது. வடக்கு ஜன்னலுக்குக் கோடையில் மட்டும் வெயில் வரும். அங்கே தக்காளியை மறந்துவிட்டுக் கீரை வைக்கலாம்.

கண்ணாடியும் வலையும் கூட ஒரு வரி கேட்கின்றன. தெளிந்த கண்ணாடி ஒளியை அதிகம் தின்பதில்லை. புது அடுக்ககங்களில் போடுகிற சாயக் கண்ணாடியும் பளபளக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியும் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கொசுவலையில் ஒரு வருடத் தூசி படிந்திருந்தால் அதுவும் ஒரு திரைச்சீலைதான். புரட்டாசியில் விதைக்கும் முன் வலையைக் கழற்றிக் கழுவுங்கள், எந்த உரமும் செய்யாத உதவியை அது செய்யும். தொட்டியை ஓரடி உள்ளே தள்ளி வைத்தாலும் வெளிச்சம் பாதியாகிவிடக்கூடும். நம் கண் அதை உணராது, அதுதான் கஷ்டம். அரை இருட்டிலும் நன்றாகப் பார்க்கப் பழகிய கண் செடிக்கு நல்ல அளவுகோல் ஆகாது.

இப்போது இரவு. தக்காளி ஆராய்ச்சியில் என்னை மிகவும் கவர்ந்த ஒரு செய்தி 1944-இல் வெளியானது. கலிபோர்னியாவில் பிரிட்ஸ் வென்ட் என்ற டச்சுக்காரத் தாவரவியலாளர், வெப்பத்தைக் கட்டுப்படுத்திய அறைகளில் தக்காளியை வளர்த்து, பகலில் வெதுவெதுப்பும் இரவில் குளிர்ச்சியும் மாறி மாறிக் கிடைத்தால்தான் அது நன்றாகக் காய்க்கிறது என்று காட்டினார். பகல் 26 டிகிரி செல்சியஸ், இரவு 15 முதல் 20 என்பது அவர் கண்ட இதமான அளவு. இரவு வெப்பம் 24, 25-ஐத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கிறது. பூ விரிகிறது, இரண்டு நாள் நிற்கிறது, பிறகு காம்பின் கணுவில் மஞ்சளாகி உதிர்கிறது. தண்ணீர் போதவில்லை, சத்துப் போதவில்லை என்று நாம் ஊற்றிக்கொண்டே இருப்போம். செடியோ இரவில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பகலில் சேர்த்த சர்க்கரையில் கணிசமான பங்கைச் சூடான இரவில் சுவாசத்திலேயே எரித்துவிடும்.

பெங்களூரும் ஏறத்தாழ அதே 13 பாகையில்தான் இருக்கிறது. வெயிலின் கோணம் இரண்டு ஊருக்கும் ஒன்றே. ஆனால் பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மே மாத இரவிலும் அங்கே 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சென்னையில் அதே இரவு 27, 28. நம் கோயம்பேடு சந்தைக்குத் தக்காளி லாரிகள் கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் மேட்டுநிலம் இறங்கி வருவதன் தாவரவியல் காரணமும் இதில் இருக்கிறது. சென்னையில் ஜனவரியில்தான் சராசரி இரவு வெப்பம் 21-ஐ ஒட்டி வருகிறது. டிசம்பரும் பிப்ரவரியும் அதற்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே. சிங்கப்பூரில் வசிக்கும் தமிழர்கள் இதைவிடக் கஷ்டப்படுகிறார்கள். அங்கே குளிர்ந்த இரவு என்ற பருவமே இல்லை.

பழம் நிறம் பிடிப்பதிலும் வெப்பம் குறுக்கிடுகிறது. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. சித்திரையில் பழுக்கும் ஜன்னல் தக்காளி ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுவது அதனால்தான். அதைப் பறித்து நிழலான இடத்தில் வைத்தால் கொஞ்சம் சிவக்கும்.

ஆக, தெற்கு ஜன்னலுக்கு வெயில் வருவதும் இரவு குளிர்வதும் ஒரே மாதங்களில். இரண்டும் சூரியன் தெற்கே போவதால் நேர்வது என்பதால் இதில் வியப்பில்லை. ஆனாலும் இதை முதலில் தாளில் எழுதிப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஆடிப்பட்டம் வயலுக்கு. ஜன்னலுக்குப் புரட்டாசிப் பட்டம். புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்தால் ஐந்து முதல் ஏழு நாளில் முளைக்கும். மூன்று நான்கு வாரத்தில் தொட்டி மாற்றலாம். கார்த்திகையில் பூ. தையில் பழம். இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. ஐப்பசி வடகிழக்குப் பருவமழையின் மாதம், வாரக்கணக்கில் மேகம் மூடும். அப்போது நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீளும். அதற்கு ஒரு விளக்கு உதவும். ஊதா நிறத்தில் எரியும் விலையுயர்ந்த விளக்குகள் தேவையில்லை, சாதாரண வெள்ளை எல்.இ.டி. போதும். 20 வாட் விளக்கை நாற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்தில் ஆறு யூனிட் ஆகிறது. மின்கட்டணத்தில் அது தெரியவே தெரியாது. இரவு முழுவதும் எரிய விடுவது மட்டும் கூடாது. இருபத்து நாலு மணி நேரமும் ஒளி பட்டால் தக்காளி இலை மஞ்சளாகிப் புள்ளி விழும். பல செடிகள் தாங்கும் இந்தத் தண்டனையைத் தக்காளி தாங்காது.

இதே மாதங்கள் புயலின் மாதங்களும்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஊரை மூழ்கடித்தபோதும் மாடித் தோட்டங்கள் பட்டபாடு பெரிது. ஜன்னல்காரருக்கு இங்கே ஒரு வசதி. ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். வைத்தே ஆக வேண்டும். ஈரமான மூன்று லிட்டர் தொட்டி மூன்று கிலோ இருக்கும். இரண்டாவது மாடியிலிருந்து அது விழுந்தால் கீழே நடப்பவருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்து, மற்ற நாள்களிலும் கிரில்லோடு கம்பி போட்டுக் கட்டி வையுங்கள்.

பூவுக்கு வருவோம். தக்காளிப் பூ தன்னைத்தானே சூல்கொள்ளும், வேறு செடி வேண்டாம். ஆனால் மகரந்தம் கூம்புபோன்ற குழலுக்குள் அடைபட்டிருக்கிறது, பூவை அதிரச் செய்தால்தான் உதிரும். வயலில் காற்று இதைச் செய்கிறது. அதைவிட நன்றாகச் செய்பவை சில வண்டுகள். பூவைக் கவ்விக்கொண்டு, இறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிர வைத்து, ஊசி ஊசியாக ஒரு ரீங்காரம் எழுப்பும். நம் ஊர்க் கருவண்டுக்கும் நீலக்கோட்டு வண்டுக்கும் இந்தக் கலை தெரியும். தேனீக்குத் தெரியாது. ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் 1980-களின் இறுதி வரை ஆட்கள் அதிர்வுக் குச்சியோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள், அதன் பிறகே கூண்டில் வளர்த்த வண்டுகள் அந்த வேலையை ஏற்றன. ஜன்னலில் கொசுவலை பூட்டியிருந்தால் வண்டு வராது. விரல் நகத்தால் பூங்கொத்தின் காம்பை இரண்டு தட்டுத் தட்டுங்கள். மின் பல்துலக்கி வைத்திருப்பவர்கள் அதன் பின்புறத்தைக் காம்பில் ஒரு நொடி வைக்கலாம், அதிர்வு கிட்டத்தட்ட வண்டின் அதிர்வுதான். எப்போது செய்வது என்பது நம் ஊரில் முக்கியம். விடியற்காலை ஈரத்தில் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிப் பூ உலர்ந்தபின் தட்டினால் மஞ்சள் தூள் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதே வேலையை விண்வெளி வீரர்களும் செய்திருக்கிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2022 கடைசியில் தொடங்கிய ஒரு சோதனையில் ரெட் ராபின் குட்டைத் தக்காளியை வளர்த்தார்கள். அங்கே வயல்காற்றுமில்லை, வண்டுமில்லை, கையால்தான் மகரந்தம் சேர்த்தார்கள். பிராங்க் ரூபியோ என்ற வீரர் அந்நிலையத்தில் பறித்த தக்காளி மிதந்து காணாமல் போய், அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு டிசம்பர் 2023-இல் காய்ந்து சுருங்கிய நிலையில் அகப்பட்டது. அவர் தின்றுவிட்டார் என்று அதுவரை பேசிக்கொண்டார்களாம்.

தொட்டி மண் விஷயத்தில் எங்களைப்போன்ற ஆர்வலர்களிடையே வாதங்கள் ஓயாது. நான் சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டைச் செடிக்கு மூன்று லிட்டர் தொட்டி. செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. தழைச்சத்து மிகுந்தால் இலை கொழிக்கும், பூ வராது. மீன் அமிலம் நல்ல ஊக்கிதான், ஆனால் படுக்கையறை ஜன்னலுக்கு உகந்ததல்ல. மண்தொட்டி ஈரத்தை வெளியேற்றி வேரைக் குளிரச் செய்வதால் வெயில் ஜன்னலுக்கு அதுவே என் தேர்வு.

தென்னைநார்க் கழிவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறும் இந்தக் கழிவில் நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்கள் சிலவற்றில் தக்காளி காய்க்கிறது. ஒரு காலத்தில் கயிற்றுத் தொழிற்கூடங்களுக்குப் பக்கத்தில் மலைமலையாகக் கிடந்து மழையில் பழுப்புநீராக வழிந்த பொருள் அது. ஏற்றுமதிக்குப் போவதை உப்புப் போகக் கழுவி, சுண்ணாம்புச் சத்து ஏற்றி அனுப்புகிறார்கள். உள்ளூர்க் கடையில் மலிவாகக் கிடைக்கும் கட்டிகளில் இந்தக் கவனம் எப்போதும் இருப்பதில்லை. கழுவாத கட்டியில் உப்பு இருக்கும். அதோடு அது சுண்ணாம்புச் சத்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்குத் தராது. கட்டியை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, நுரையும் நிறமும் குறையும்வரை மூன்று முறையாவது கழுவுங்கள். முட்டை ஓட்டைப் போட்டால் சுண்ணாம்பு கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது கரைய மாதங்கள் ஆகும். நம் செடியின் ஆயுளே நாலைந்து மாதம்.

தண்ணீரிலும் உப்புதான் பிரச்சினை. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் தெருக்களில் அதுவே தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். குடிநீர்ச் சுத்திகரிப்பான் கழிக்கும் நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுகிறோம். அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். தக்காளி ஓரளவு உப்பைத் தாங்கும், இனிப்பும் கூடும். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உவர்நீர் பாய்ச்சி இனிப்பான செர்ரித் தக்காளி விளைவிக்கிறார்கள். ஆனால் அங்கே வடிகாலும் அளவுக் கருவியும் உண்டு. மூன்று லிட்டர் தொட்டியில் உப்புக்குப் போக்கிடம் இல்லை. கழிவுநீரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலக்காதீர்கள், மழை நாளில் பிடித்த நீரை மாதமொரு முறை தொட்டி வழிய வழிய ஊற்றிக் கழுவிவிடுங்கள். ஊற்றுவதில் ஒழுங்கு வேண்டும். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். விரலின் முதல் கணு வரை மண்ணில் நுழைத்து ஈரம் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்ப்பது சும்மா இல்லை. தட்டில் ஆற்றுமணலை நிரப்பிவிட்டால் நீர் தேங்காது, பயமில்லை.

பூச்சிகளில் அஞ்ச வேண்டியது ஒன்றுதான், வெள்ளை ஈ. இலைச்சுருள் வைரஸை அது சுமந்து வருகிறது. வைரஸ் வந்த செடியைக் காப்பாற்ற வழியில்லை. நுனியிலைகள் கிண்ணமாகச் சுருண்டு, வெளிறி, செடி நின்றுவிட்டால் பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும், எவ்வளவு வலித்தாலும். கொசுவலை இதைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கொசுவலையின் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல், வெள்ளை ஈயின் உடல் அதைவிட ஒல்லி. மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைச் செடிக்கருகே தொங்கவிடுங்கள், வந்துவிட்டதா என்று முதலில் சொல்வது அதுதான். வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து இலையின் அடிப்புறம் படும்படி மாலையில் தெளிக்கலாம். மாசி கடந்து காற்று வறண்டால் சிவப்புச் சிலந்தி வலை பின்னும். அதற்குள் நம் பருவம் முடிந்திருக்கும்.

இவ்வளவு செய்து எவ்வளவு கிடைக்கும்? 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசு சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அந்த வாரங்களில் பலர் இனி வீட்டிலேயே வளர்க்கிறோம் என்று தொட்டி வாங்கினார்கள். ஜன்னல் தக்காளி அந்தக் கவலைக்கு மருந்தல்ல என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஒரு குட்டைச் செடி ஒரு பருவத்தில் சில கைப்பிடிப் பழம் தரும். நான்கு தொட்டி வைத்தாலும் ஒரு குடும்பத்தின் ரசத்துக்கும் சாம்பாருக்கும் காணாது. விலை ஏறும் ஆனி ஆடியில் ஜன்னலில் செடியே இருக்காது.

கிடைப்பது சுவை. சந்தைத் தக்காளி பச்சை மாறத் தொடங்கும்போதே பறிக்கப்பட்டு லாரியில் பழுக்கிறது. நீண்ட பயணத்துக்கும் தடித்த தோலுக்கும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, மணம் தரும் பொருள்கள் ரகங்களிலிருந்தே குறைந்துவிட்டன என்று புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழுவினர் 2017-இல் விரிவாகக் காட்டினார்கள். குளிர்பெட்டியில் 12 டிகிரிக்குக் கீழே வைத்தால் மிச்சமிருக்கும் மணமும் போகும். செடியிலேயே முழுதாகச் சிவந்து, தொட்டதும் காம்பின் கணுவில் கழன்று வரும் ஒரு பழத்தை வெயில் சூடு ஆறும் முன் வாயில் போட்ட குழந்தை, கடைத் தக்காளியை அதற்குப் பிறகு வேறு கண்ணால்தான் பார்க்கும். எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி பொங்கல் விடுமுறையில் தினமும் காலையில் வந்து எத்தனை சிவந்திருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போவாள். பறிப்பதை அவளுக்கே விட்டுவிட்டேன்.

மாசி நடுவில் சன்ஷேடின் நிழல் மெல்ல இறங்கி விளிம்பைத் தொடும். பூ உதிரத் தொடங்கும். அப்போது செடியை இழுத்துப் பிடித்துக் கோடையைக் கடக்க வைக்கப் பார்ப்பது வீண் பாடு. நன்றாகப் பழுத்த இரண்டு பழங்களை விதைக்கு விட்டுவைத்து, மற்றதைப் பறித்துக்கொண்டு வேரோடு எடுத்துவிடலாம். கலப்பின விதையாக இருந்தால் அடுத்த தலைமுறை தாயைப்போல வராது, மற்ற ரகங்கள் வரும். பழச்சாற்றை விதையோடு ஒரு தம்ளரில் பிழிந்து மூன்று நாள் புளிக்க விட்டால் விதையைச் சுற்றியுள்ள கூழ் கரைந்துவிடும். அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரும் ஆண்டும் எழுதி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஈரம் படாமல் வைக்கிறேன். உறையின் மேல் 'புரட்டாசி' என்று ஒரு சொல் கூடுதலாக எழுதி வைப்பது வழக்கம்.